காற்றுப் பிடித்தல்

கடற்கரைக் கிராமம் ஒன்றில் பாய்மரப் படகுப் பந்தயம் பார்க்கப் போன ஒருவன், சரணாகதி சாஸ்திரத்தைப் பற்றிய ஒரு சந்தேகத்தோடு திரும்பி வந்தான் என்றால், கேட்பவர்களுக்கு அது சற்று விநோதமாகவே இருக்கும். எனக்கு நேர்ந்தது அதுதான். தொண்டிக்குத் தெற்கே, பாக் நீரிணையைப் பார்த்துக் கிழக்கு முகமாக உட்கார்ந்திருக்கும் ஒரு சிறிய ஊரில், ஆவணி மாதத்துக் கோயில் திருவிழாவை ஒட்டி நடக்கும் பந்தயத்துக்கு, அவ்வூர்ப் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயராக இருக்கும் என் நண்பர் என்னை அழைத்திருந்தார். காலை ஒன்பது மணிக்குக் கொடி அசையும் என்று சொல்லியிருந்தார்கள். நாங்கள் எட்டு மணிக்கே போய்ச் சேர்ந்தோம். கொடி அசைந்தபோது மணி இரண்டு.

தாமதத்துக்குக் காரணம் வழக்கம்போலத் தலைமை வகிக்க வேண்டிய பிரமுகர் என்றுதான் நான் முதலில் எண்ணினேன். அவரோ சொன்ன நேரத்துக்கு வந்து, தாம் வந்த செய்தியை ஒலிபெருக்கியில் மும்முறை கேட்டு மகிழ்ந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொடியை அசைக்க ஆள் இருந்தான், காற்றுத்தான் இல்லை. அந்தக் கரையில் காற்றுகளை உறவினர்களைப் போலப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது சோழகம், மேற்கிலிருந்து வருவது கச்சான். அன்று காலை நால்வரில் ஒருவரும் வரவில்லை. பதினெட்டுப் படகுகள், வருஷத்தின் மற்ற நாட்களில் முதுகில் சுமக்கும் என்ஜின்களைக் கரையில் இறக்கி வைத்துவிட்டு, மரமும் பருமலும் பாயுமாக அலங்கரித்துக்கொண்டு, கண்ணாடித் தகடு போன்ற நீரின்மேல் தம் பிம்பங்களைத் தாமே பார்த்துக்கொண்டு நின்றன.

ஆட்கள் சும்மா இருக்கவில்லை என்பதைத்தான் நான் முதலில் கவனித்தேன். ஒரு படகில் கயிறுகளின் முடிச்சுகளை அவிழ்த்து மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றில், படகு சாயாதிருப்பதற்காக ஏற்றிய மணல் மூட்டைகளை அணியத்துக்கும் நடுவுக்குமாக மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். மூன்றாவதில் ஓர் இளைஞன் கடல் நீரை வாளியில் மொண்டு பாயின்மேல் வீசி அடித்துக்கொண்டிருந்தான். எதற்கென்று விசாரித்தபோது, துணிப் பாய் நனைந்தால் இழைகளின் கண்கள் அடைபட்டு, வருகிற இளங்காற்றும் ஊடுருவிப் போகாமல் தங்கும் என்று சொன்னார்கள். வராத விருந்தாளிக்காகத் திண்ணையைக் கழுவி வைக்கிற இந்தக் காரியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பனையோலைப் பந்தலின் கீழ் எங்களுக்கு அருகே ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தார். இளமையில் படகை நடத்தும் தண்டலாக இருந்தவர் என்றும், என்ஜின் வருவதற்கு முந்திய காலத்தில் இராத்திரியில் வானத்தைப் பார்த்தே கரை சேர்ந்தவர் என்றும் நண்பர் அறிமுகப்படுத்தினார். வெயிலையும் கடலையும் பார்த்துப் பார்த்துச் சலித்த நான், பொழுதுபோக்காக, "பெரியவரே, படகை ஓட்டுவது நீங்களா, காற்றா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், இவ்வளவு படித்தவனுக்கு இது கூடத் தெரியவில்லையே என்ற இரக்கம் இருந்தது.

"முழுக்கக் காத்துத்தான்யா," என்றார். பிறகு வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "முழுக்க நாமளுந்தான். ஆளுக்குப் பாதின்னு பாத்தா கவுந்துரும்," என்றார். அதைப் பெரிய தத்துவமாக அவர் சொல்லவில்லை. சொல்லி முடித்தவுடன், போன வருஷம் பரிசுப் பணத்தைப் பங்கு போட்டதில் தம் மருமகனுக்கு நேர்ந்த அநியாயத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்.

ஆனால் எனக்கு அந்த அரைமணி நேரமும் காதில் விழவில்லை. மனுஷப் பிரயத்தனம் எவ்வளவு, தெய்வ கிருபை எவ்வளவு என்ற கேள்வியை நம் நாட்டில் கேளாத சமயம் இல்லை. அதை வைணவப் பெரியோர்கள் ஆராய்ந்த அளவுக்கு நுட்பமாக ஆராய்ந்தவர்களும் அதிகம் இல்லை. குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்கிறது, தாய் கிளைக்குக் கிளை தாவுகிறது. பூனைக்குட்டியோ ஒன்றும் செய்வதில்லை, தாயே அதை வாயில் கவ்விக்கொண்டு போகிறது. முன்னதை மர்க்கட நியாயம் என்றும் பின்னதை மார்ஜார நியாயம் என்றும் பெயரிட்டு, வடகலையார் குரங்கின் பக்கத்திலும் தென்கலையார் பூனையின் பக்கத்திலும் நிற்பதாகப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். இந்த வேற்றுமை நாமத்தின் வடிவத்தில் ஏறி, கோயில் வாசலில் இறங்கி, கோர்ட்டுப் படி வரையில் நடந்த கதையை இங்கே எடுக்க வேண்டாம். மூல விஷயம் அதைவிட எவ்வளவோ அழகானது.

வேதாந்த தேசிகர் ஜீவனுடைய முயற்சியை ஏதோ பெரிய மூலதனமாகக் கருதியவர் அல்லர். ஈசுவரனுடைய கிருபை எப்போதும் இருப்பது; ஆயினும் அது இன்னாருக்கு என்று பாய்வதற்கு ஜீவன் தரப்பில் ஒரு வியாஜம், ஒரு சாக்கு, வேண்டியிருக்கிறது; அந்தச் சாக்குத்தான் பிரபத்தி எனப்படும் சரணாகதி என்பது அவருடைய சித்தாந்தம். பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில் அதற்கும் ஒரு படி மேலே போகிறார். கிருபைக்குக் காரணம் தேடுவதே கிருபையைக் குறைப்பதாகும், அது நிர்ஹேதுகம், சரணம் அடைந்தேன் என்ற நினைப்பைக்கூட ஒரு சாதனமாக எண்ணிக் கையில் வைத்துக்கொள்ளாதே என்பது அவருடைய நோக்கு. பந்தலின் கீழ் உட்கார்ந்து அந்த நனைந்த பாயைப் பார்க்கப் பார்க்க, இதைவிடப் பொருத்தமான வியாஜம் உலகத்தில் உண்டா என்று எனக்குத் தோன்றிற்று. பாய் காற்றை உண்டாக்குவதில்லை, விலை கொடுத்து வாங்குவதில்லை, கூப்பிட்டு வரவழைப்பதும் இல்லை. ஆனாலும் பாய் விரித்த படகுக்கும் விரிக்காத படகுக்கும் ஒரே காற்று ஒன்றாக இருப்பதில்லை. 'பார்த்தீரா, வியாஜம் வேண்டும்' என்று தேசிகரின் அடியார் சொல்வார். 'பாயை விரிக்கும் புத்தியைத் தந்தது யார்? காற்றே இல்லாத ஓர் உலகத்தில் பாய் என்ற ஒன்றை எவனாவது கனவிலாவது கண்டிருப்பானா?' என்று லோகாசாரியரின் அடியார் திருப்பிக் கேட்பார். இருவரும் வெற்றி பெற்றதாகவே எனக்குப் படுகிறது.

குரங்கும் பூனையும் எனக்கு முழுத் திருப்தியைத் தராததற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டு குட்டிகளும் போகிற இடத்தைத் தாய் தீர்மானிக்கிறாள். இரண்டுக்கும் தனியாகப் போக வேண்டிய இடம் ஒன்று இல்லை. மனிதனுக்கோ போக வேண்டிய இடம் இருக்கிறது. அல்லது இருப்பதாக அவன் நம்புகிறான். காற்று அவன் போக விரும்பும் திசையில்தான் வீச வேண்டும் என்ற நியதி எங்கும் இல்லை. காற்று எதிரே வந்தால் என்ன செய்வது? இங்கேதான் கடலோடிகளின் வித்தை எந்த வேதாந்தியையும் சிந்திக்க வைக்கிறது. எதிர்க்காற்றில் நேரே போக முடியாது. ஆனால் படகைச் சற்றே சரித்துப் பிடித்து, பாயை அந்தச் சரிவுக்குத் தகுந்தபடி இழுத்துக் கட்டி, ஒரு பக்கம் கொஞ்சம் ஓடி, பிறகு பாயை மறுபுறம் மாற்றி இன்னொரு பக்கம் கொஞ்சம் ஓடி, இப்படி வளைந்து வளைந்து போனால், காற்று எங்கிருந்து வருகிறதோ அந்த இடத்துக்கே காற்றைக் கொண்டே போய்ச் சேரலாம். வளைந்த பாயின் மேல் ஓடும் காற்று அதைப் பறவையின் சிறகைப் போல ஒரு பக்கமாக இழுக்கிறது. நீருக்குள் இருக்கும் படகின் உடல் பக்கவாட்டில் நகர மறுக்கிறது. இழுப்பும் மறுப்பும் சேர்ந்து முன்னேற்றமாகின்றன. சுக்கான் பிடிக்கிறவன் காற்றோடு சண்டை போடவும் இல்லை, அதற்கு இணங்கிப் போய்விடவும் இல்லை. வெண்ணிப் போரைப் பாடிய வெண்ணிக் குயத்தியார் என்ற பெண்பாற் புலவர், கரிகாலனுடைய முன்னோன் ஒருவனைக் காற்றையே ஏவல் கொண்டவன் என்று புகழ்கிறார். காற்று எவனுக்கும் ஏவல் செய்ததில்லை. அதன் பருவத்தை அறிந்து அதற்கு ஏற்பத் தன் மரக்கலத்தைத் திருப்பத் தெரிந்தவன் என்பதையே அரசனைப் பாடும்போது அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது போலும்.

இரண்டு மணிக்குக் கச்சான் வந்தது. நிலத்திலிருந்து வருகிற காற்றாகையால் பதினெட்டுப் படகுகளும் கரையைவிட்டுப் பறந்தன என்றே சொல்ல வேண்டும். படகின் ஒரு பக்கமாக நீட்டிய பலகையில் ஆட்கள் ஏறி உட்கார்ந்து, சாய்கிற படகைத் தம் உடம்பின் கனத்தால் நிமிர்த்திப் பிடிக்க, பாய்கள் சிறியனவாகி, வெண்மையாகி, கடைசியில் கொக்குகளின் வரிசையைப் போலத் தோன்றின. தூரத்தில் நங்கூரமிட்டு நின்ற நடுவர்களின் படகைச் சுற்றித் திரும்ப வேண்டும் என்பது நிபந்தனை. அந்தப் படகில் மட்டும் என்ஜின் இருந்தது. என் நண்பரும், பந்தலில் இருந்தவர்கள் எவ்வளவோ தடுத்தும், குறிப்பெடுக்கிறேன் என்று சொல்லி அதில் ஏறிப் போயிருந்தார்.

மூன்றரை மணிக்கு மேற்கு வானம் கறுத்தது. முதியவர் எழுந்து பந்தலுக்கு வெளியே வந்து, வானத்தைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். சற்று நேரத்தில், மதியம் இதமாக வீசிய அதே கச்சான், மணலை வாரி முகத்தில் இறைத்துக்கொண்டு, பந்தலின் ஓலைகளைப் பிய்த்துக்கொண்டு, இடியும் மழையுமாக எங்கள் தலைக்கு மேலே கடலுக்குள் இறங்கிற்று. கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிற புயற்காற்று எல்லாவற்றிலும் பொல்லாதது; அது படகை உடைப்பதில்லை, கொண்டுபோய்விடுகிறது. நல்லவேளையாக அந்தக் கடல் ஆழம் குறைந்தது. பெரும்பாலோர் பாயை இறக்கி, நின்ற இடத்திலேயே நங்கூரத்தைப் போட்டுவிட்டார்கள். இரண்டு படகுகள் கவிழ்ந்தன. கவிழ்ந்த படகின் முதுகில் ஆட்கள் ஏறி உட்கார்ந்திருந்து, பின்பு எல்லோரும் பத்திரமாகத் திரும்பினார்கள். இவையெல்லாம் பிறகு தெரிந்தவை. அப்போது மழைத்திரைக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

நடுவர்களின் படகில் நடந்ததை நண்பர் இரவில் சொன்னார். கவிழ்ந்த படகைக் கண்டவுடன் நங்கூரத்தை எடுத்துவிட்டு என்ஜினைக் கிளப்பி விரைந்திருக்கிறார்கள். நூறு கஜம் போவதற்குள் என்ஜின் இருமிற்று, தும்மிற்று, நின்றுவிட்டது. திரும்பப் போட்ட நங்கூரம் சேற்றில் நிலைகொள்ளாமல் இழுபட, படகு கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது. அந்த வேளையில், பந்தயத்தில் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வந்துகொண்டிருந்த ஒரு தோணி, இவர்கள் நிலையைப் பார்த்து, பாயைச் சுருட்டி இறக்கிவிட்டு அருகே ஒதுங்கி, தன் கயிற்றை எறிந்து, தன் நங்கூரத்தையும் சேர்த்துப் போட்டது. இரண்டு நங்கூரங்களின் பிடியில் இரண்டு படகுகளும் முக்கால் மணி நேரம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றிருக்கின்றன. புயல் போன பிறகு காற்று மறுபடியும் செத்துவிட்டது. அதற்குள் கோளாறு சரியாகிவிட்டபடியால், என்ஜின் படகு அந்தத் தோணியைக் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்துக்கொண்டு வந்தது.

என்ஜினுக்கு என்ன கோளாறு என்று கேட்டேன். "காற்றுப் பிடித்துவிட்டது" என்றார் நண்பர். டீசல் குழாயில் எங்கோ ஓர் இணைப்புத் தளர்ந்து, எண்ணெயோடு சிறிது காற்றும் உள்ளே புகுந்துவிட்டால், பம்பு எவ்வளவு அழுத்தினாலும் அந்தக் காற்றுக் குமிழிதான் சுருங்கி விரியுமே தவிர எண்ணெய் முன்னே செல்லாது. ஒரு திருகாணியைத் தளர்த்திவிட்டு, நுரை போய்ச் சுத்தமான எண்ணெய் வரும்வரை கையால் அடித்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். எந்த லாரி ஓட்டிக்கும் தெரிந்த இந்தச் சாதாரணச் செய்தி அன்றிரவு என்னை வெகுநேரம் தூங்கவிடவில்லை. பாய் காற்றுப் பிடித்தால் படகு ஓடுகிறது. என்ஜின் காற்றுப் பிடித்தால் படகு நிற்கிறது. தன் சக்தியைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, வீசும் காற்றுக்காகக் காத்திராமல் செல்வதற்கென்று செய்யப்பட்ட யந்திரத்துக்கு, வெளியே இருப்பதன் ஒரு சிறு குமிழி போதும், முடங்கிப் போவதற்கு. யந்திரத்தைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அன்று மாலை அந்தத் தோணியை இழுத்து வந்தது அந்த யந்திரந்தான். ஆயினும் நாம் பிரயத்தனம் வேறு, கிருபை வேறு என்று கணக்கெழுதக் கற்றுக்கொண்டது என்ஜினிடமிருந்துதானோ என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு. என்ஜின் இவ்வளவு எண்ணெய்க்கு இவ்வளவு தூரம் என்று சொல்லும். பாயிடம் அப்படிக் கேட்க முடியாது. தோணி ஓடிய தூரத்தில் எந்தக் கஜம் காற்றினுடையது, எந்தக் கஜம் சுக்கானுடையது என்று பிரிக்கப் புகுந்தவன், ஒவ்வொரு கஜமும் முழுவதும் இருவருடையதாகவே இருக்கக் கண்டு கணக்கை மூடிவிடுவான். முதியவர் பாதி பாதி கூடாது என்றது இதைத்தான் போலும்.

இதுவரையில் சொன்னது சுலபம். எல்லோரும் பிழைத்துக் கரை சேர்ந்த ஒரு நாளைப் பற்றிக் கிருபை என்று பேசுவதற்குப் பெரிய துணிவு வேண்டியதில்லை. சேராத நாளைப் பற்றி என்ன சொல்வது?

1979-ஆம் வருஷம் ஆகஸ்டு 11-ஆம் தேதி, இங்கிலாந்துக்குத் தெற்கே வைட் தீவில் உள்ள கௌஸ் என்ற ஊரிலிருந்து 303 பாய்ப்படகுகள் புறப்பட்டன. அயர்லாந்தின் தென்கோடிக்கு அப்பால் கடலில் தனியாக நிற்கும் ஃபாஸ்ட்நெட் என்ற பாறையைச் சுற்றிக்கொண்டு பிளிமத் துறைமுகத்துக்கு வந்து சேர வேண்டும். தூரம் சுமார் 605 கடல் மைல். அந்தப் பந்தயம் 1925-இல் ஏழே படகுகளோடு ஆரம்பமானது. முதல் வருஷம் வென்ற படகு, லெ ஹாவ்ர் துறைமுகத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டும் மாலுமிகளுக்காக 1913-இல் கட்டப்பட்டது. அதன் பிரெஞ்சுப் பெயருக்கு இனிய காற்று என்று பொருள். 1979-இல் வந்த காற்று இனிய காற்றாக இல்லை. ஆகஸ்டு 13-ஆம் தேதி இரவு, முதலில் சொல்லப்பட்ட வானிலை முன்னறிவிப்புகள் எதிர்பாராத வேகத்தில் ஒரு தாழ்வு மண்டலம் வலுத்து, படகுகள் அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான திறந்த கடலில் பரந்து கிடந்த நேரத்தில், மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் அவற்றின்மேல் விழுந்தது. கடுமையான எச்சரிக்கை வந்தபோது திரும்பிப் போகக் காலம் கடந்துவிட்டது. பந்தயத்தில் கலந்துகொண்டவர்களில் 15 பேர் இறந்தார்கள். 85 படகுகள் பந்தயத்தை முடித்தன, 194 விலகிக்கொண்டன, 24 படகுகளை ஆட்கள் கைவிட்டார்கள். அதே காற்றில், டெட் டர்னர் என்ற அமெரிக்கச் செல்வந்தரின் படகு வெற்றியும் பெற்றது.

கைவிடப்பட்ட இருபத்து நான்கில் மூழ்கியவை ஐந்துதான். மற்றப் பத்தொன்பதும் பிறகு கடலில் மிதக்கக் காணப்பட்டன. படகு போய்விட்டது என்று அஞ்சி ரப்பர் மிதவைகளில் இறங்கியவர்களில் சிலர், மிதவை கிழிந்தும் புரண்டும் இறந்தார்கள். அவர்கள் விட்டுவந்த படகு, ஆளில்லாமல், அலையில் ஆடிக்கொண்டு, உயிரோடு இருந்தது. இதிலிருந்து கடலோடிகள் ஒரு பாடம் சொல்லிக்கொள்கிறார்கள்: மிதவைக்கு மேலே ஏறிப் போக வேண்டிய நிலை வந்தால் போ, கீழே இறங்கிப் போகாதே. அதாவது, படகு உன் காலடியில் அமிழ்ந்து மிதவையைவிடத் தாழும் வரைக்கும் படகை விடாதே. இதைப் படித்தபோது எனக்கு உடனே தேசிகர் பிரபத்திக்கு அதிகாரமாகச் சொல்லும் இரண்டு நிலைகள் நினைவுக்கு வந்தன. கையில் வேறொரு முதலும் இல்லாமை ஆகிஞ்சன்யம். வேறு போக்கிடம் இல்லாமை அநந்யகதித்வம். இவை இரண்டும் வாய்த்தவனுக்குத்தான் சரணாகதி. சோம்பலையும் பயத்தையும் சரணாகதி என்று எண்ணி முன்கூட்டியே குதித்துவிடுகிறவனைப் பெரியோர்கள் மனத்தில் வைத்துத்தான் இந்த நிபந்தனையை வைத்தார்களோ என்னவோ.

ஆனால் அந்த இரவு எந்தப் பாடத்துக்கும் முழுவதும் அடங்குவதாக இல்லை. ஒரு படகில் ஆறு பேர் இருந்தார்கள். படகு கவிழ்ந்து நிமிர்ந்ததில் தலைவர் கடலோடு போனார். உணர்விழந்து கிடந்த இருவரை இறந்துவிட்டவர்கள் என்று நினைத்து, மற்ற மூவரும் மிதவையில் ஏறிப் போய்விட்டார்கள். அந்த மூவரும் பிழைத்தார்கள். விட்டுப்போன இருவரும் அப்போது உயிரோடுதான் இருந்தார்கள். ஒருவர் சில மணி நேரத்தில் மற்றவர் அருகிலேயே உயிர் விட்டார். மற்றவர், பாதி நீர் நிறைந்த அந்தப் படகில், இறந்த தோழரோடு தனியே இருந்து, கடைசியில் ஹெலிகாப்டர் வந்து தூக்கிப் பிழைத்தார். போனவர்கள் செய்தது பிழை என்று சொல்லக் கரையில் இருக்கிற எவனுக்கும் அதிகாரம் இல்லை. இருந்தவர் பிழைத்ததைக் கொண்டு எதையும் நிரூபிக்கவும் முடியாது, ஏனென்றால் அவர் அருகே இருந்தவர் பிழைக்கவில்லை. விதி என்று ஒரு சொல் இருக்கிறது. அதை இங்கே எடுத்து வைத்தால் எல்லாம் விளங்கிவிட்டது போலத் தோன்றும், ஆனால் உண்மையில் ஒன்றும் விளங்கியிருக்காது.

விதி, தெய்வம் என்ற சொற்களை எங்கே வைக்க வேண்டும் என்பதில் கீதை மிகவும் ஜாக்கிரதையாக இருக்கிறது. பதினெட்டாவது அத்தியாயத்தில், எந்தக் காரியம் நிறைவேறுவதற்கும் ஐந்து காரணங்கள் என்று பகவான் எண்ணுகிறார்: காரியத்துக்கு இருப்பிடமான அதிஷ்டானம், செய்கிற கர்த்தா, பலவிதமான கரணங்கள், பலவிதமான சேஷ்டைகள், ஐந்தாவதாகத் தெய்வம். ஐந்தாவதாக என்பதை நான் வெகுகாலம் கவனிக்காமலே படித்து வந்தேன். படகை வைத்துப் பார்த்தால் அது பளிச்சென்று தெரிகிறது. தோணியின் உடல், தண்டல், பாயும் சுக்கானும் கயிறும், ஆட்களின் உழைப்பு, இவ்வளவுக்கும் பிறகு காற்று. முதல் நான்கையும் எண்ணி முடிக்காமல் ஐந்தாவதன் பெயரை எடுக்கிறவன் வேதாந்தி அல்லன். கணக்கு எழுதத் தெரியாதவன்.

ஃபாஸ்ட்நெட்டுக்குப் பிறகு இங்கிலாந்துக்காரர்கள் செய்தது இந்த நான்கையும் எண்ணுகிற காரியந்தான். அந்த வருஷ முடிவுக்குள்ளேயே பந்தயத்தை நடத்திய சங்கமும் நாட்டின் படகோட்டச் சபையும் சேர்ந்து, திரும்பி வந்த தலைவர்களையெல்லாம் விசாரித்து, ஓர் அறிக்கை வெளியிட்டன. மிதவைகள் ஏன் கிழிந்தன, இடுப்புக் கயிற்றின் கொக்கிகள் எங்கே விட்டுக்கொடுத்தன, அறைவாசலை மூடும் பலகைகள் ஏன் கழன்று விழுந்தன, சுக்கான்கள் ஏன் முறிந்தன என்று அது ஒவ்வொன்றாகப் பார்த்தது. பிற்பாடு வந்த விதிகளில் வானொலிக் கருவி கட்டாயமாயிற்று. கலந்துகொள்ளும் ஆட்களுக்கு முன்னனுபவம் வேண்டும் என்றார்கள். இதைச் சமயத்துக்குச் சம்பந்தமில்லாத லௌகிகக் காரியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'எல்லாம் அவன் செயல்' என்று கைகூப்பிவிட்டு, கழன்ற பலகையைக் கழன்றபடியே விட்டுவிடுகிறவனுடைய பக்தியைவிட, அந்தப் பலகைக்கு ஒரு தாழ்ப்பாள் போடுகிறவனுடைய மௌனம் ஐந்தாவது காரணத்துக்கு அதிக மரியாதை செய்வதாகவே நினைக்கிறேன்.

ஆனால் நான்கையும் எண்ணி முடித்து மிச்சம் இருப்பதற்குத் தெய்வம் என்று பெயரிடுவதும் பொருந்தாது. அப்படியானால் அறிவு வளர வளரத் தெய்வம் தேய்ந்துகொண்டே போக வேண்டும். இந்த இடத்தில் ஆசாரியர்களின் உரைகள் வேறுபடுகின்றன. தெய்வம் என்றது கண் முதலிய இந்திரியங்களுக்கு அனுக்கிரகம் செய்யும் சூரியன் முதலான தேவதைகளை என்பது சங்கரர் உரை. இராமாநுசரோ, அது உள்ளே நின்று நடத்துகிற அந்தர்யாமியான பரமாத்மாவே என்கிறார். அப்படியென்றால் ஐந்தாவது காரணம் மற்ற நான்குக்கும் பக்கத்தில் நிற்கிற இன்னொன்று அன்று. நான்கின் உள்ளேயும் இருக்கிற ஒன்று. தண்டலின் கையிலும் அது இருக்கிறது, பாயின் இழையிலும் இருக்கிறது, அறிக்கை எழுதியவனுடைய பேனாவிலும் இருக்கிறது. எண்ணும்போது கடைசியில் வருகிறது. இருக்கும்போது முதலிலிருந்தே இருக்கிறது. நடுவர் படகுக்கு உதவிய அந்தத் தோணி நங்கூரத்தைப் போட்டுப் பந்தயத்தை விட்டுக்கொடுத்த கணத்தில், அதில் இருந்த அறுவரும் காற்றுக்குக் காத்திருந்தவர்கள் அல்லர். நடுவர் படகில் இருந்தவர்களுக்கு அவர்களே காற்றாக வந்தார்கள். பதினைந்து பேருடைய மரணத்துக்கு இது பதிலா என்று கேட்டால், இல்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை. இருப்பதாகச் சொல்கிறவர்களை நான் சற்றுத் தூரத்தில் வைத்தே மதிக்கிறேன்.

திருவள்ளுவரும் இந்த விஷயத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடவில்லை. ஊழ் என்ற அதிகாரத்தின் கடைசிக் குறளில், ஊழைவிட வலியது எதுவும் இல்லை என்ற கருத்தை வைக்கிறார். ஆள்வினையுடைமை என்ற அதிகாரத்தின் கடைசிக் குறளில், தளராமல் முயல்கிறவர்கள் அந்த ஊழையே புறமுதுகு காணச் செய்வார்கள் என்கிறார். இரண்டுக்கும் நடுவே இருநூற்று முப்பத்தொன்பது குறள்கள். இதை முரண் என்று சொல்லி உரைகாரர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. எனக்கு இப்போது தோன்றுவது, முன்னது நடந்து முடிந்ததைப் பார்த்துத் துறவறத்தின் எல்லையில் நிற்கிறவனுக்குச் சொன்னது; பின்னது நாளைக்குக் கடலுக்குப் போக வேண்டியவனுக்குச் சொன்னது என்பதுதான். காலையில் பாயை நனைக்கிறவனிடம் போய் முதற்குறளை ஓதுவதும், மாலையில் பிள்ளையைப் பறிகொடுத்தவனிடம் போய் இரண்டாவதை ஓதுவதும், இரண்டும் சொல் குற்றமற்ற கொடுமைகள்.

அன்று மாலை கரையில் ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது. புயலுக்கு நடுவிலும் பாயைப் பாதி சுருட்டிக்கொண்டு வந்து சேர்ந்த ஒரு படகு பரிசைக் கேட்டது. நங்கூரம் போட்டு நின்றவர்கள் பந்தயமே செல்லாது என்றார்கள். நடுவர்களைக் காப்பாற்றிய தோணிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே அபிப்பிராயம். ஆனால் கரைக்கு என்ஜின் இழுத்து வந்த தோணிக்குப் பாய்ப் பந்தயத்தில் பரிசு கொடுப்பது எப்படி என்று ஒருவர் கேட்டபோது யாருக்கும் விடை தெரியவில்லை. அந்தத் தோணியின் தண்டலோ, இழுபட்ட தன் நங்கூரத்தின் ஒரு கொக்கி வளைந்துபோனதை எல்லோரிடமும் தூக்கிக் காட்டி, அதற்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். முதியவர் தம் மருமகனுக்குப் போன வருஷம் நேர்ந்த அநியாயத்தை மறுபடி நினைவூட்டினார். இருட்டின பிறகு, மறுநாள் காலை ஆறு மணிக்குப் பந்தயத்தை முதலிலிருந்து மறுபடி நடத்துவது என்று முடிவாயிற்று.

எனக்கு ஊரில் வேலை இருந்தது. மறுநாள் விடியற்காலையில் பஸ்ஸுக்காகக் கடற்கரைச் சாலையில் வந்து நின்றேன். ஆறு மணிக்குக் கொஞ்சம் இருக்கும்போதே கச்சான், முந்தின நாள் நடந்தது எதையும் அறியாததுபோல, சீராக, மெதுவாக வீசத் தொடங்கிவிட்டது. கரையில் ஏழெட்டுப் படகுகள் பாயை ஏற்றிவிட்டன, மற்றவை ஏற்றிக்கொண்டிருந்தன. ஒருவன் வாளியோடு நின்றிருந்தான். பஸ் வந்து, நான் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். கொடியை அசைக்க வேண்டியவர் இன்னும் வந்திருக்கவில்லை.